இடது கண்ணாடி

ஜூன் 3, செவ்வாய்

காலையில் தண்ணீர் வந்தது. மோட்டார் போட மறந்துவிட்டேன். அக்கா கீழேயிருந்து கத்திய பிறகு ஓடிப்போய்ப் போட்டேன். மாமா வாசலில் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். "பெரிய படிப்புப் படிச்சவங்களுக்கு சுவிட்சு எங்க இருக்குதுன்னு தெரியறதில்ல" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, ஷூவைப் பார்த்துச் சொன்னார்.

ஆபீஸில் பஸ் சிமுலேட்டர் இன்னும் திணறுகிறது. வெள்ளிக்கிழமை டெமோ. நிஜ பஸ் ஒன்றின் முன்பக்கத்தை வெட்டி எடுத்து ஹாலில் வைத்திருக்கிறோம். சீட், ஸ்டியரிங், கியர், மூன்று மிதி எல்லாம் உண்டு. சாலைக்குப் பதில் சுற்றி வளைந்த பெரிய திரை. பஸ்ஸின் பக்கக் கண்ணாடிகளும் அந்தத் திரையிலேயே வரைந்தவைதான். அந்தக் கண்ணாடிகள் என் வேலை.

நேற்று அக்கா கேட்டாள், "நீ தெனமும் அங்க போயி என்னதான் பண்ற வசு?" என்று. மாவு கரைத்துக்கொண்டிருந்தவளிடம் சொல்லிப் பார்த்தேன். முன்னால் தெரிகிற சாலையை நேராகத் திரையில் வரைந்துவிடலாம். கண்ணாடியில் தெரிய வேண்டியதை அப்படி வரைய முடியாது. பின்பக்கம் பார்க்கிற இன்னொரு கேமராவை வைத்து, முதுகுக்குப் பின்னால் இருப்பதையெல்லாம் கிராபிக்ஸ் கார்டுக்குள் தனியாக ஓர் இடத்தில் முதலில் வரைய வேண்டும். அந்த இடம் யார் கண்ணுக்கும் தெரியாது. வரைந்து முடித்த படத்தை இடம் வலம் மாற்றிக் கண்ணாடியின் மேல் ஒட்ட வேண்டும். நொடிக்கு அறுபது தடவை இதைச் செய்ய வேண்டும். ஆஃப்-ஸ்கிரீன் ரெண்டரிங் என்று பேர்.

"யாரும் பாக்காத எடத்துல வரையறதுக்கா சம்பளம் தர்றாங்க?" என்றாள்.

ஒழுங்காகத் தருகிறார்களா என்று அவளிடம் சொல்லவில்லை.

ஜூன் 5, வியாழன்

முன்னால் ஓர் உலகம், இடது கண்ணாடிக்கு ஓர் உலகம், வலது கண்ணாடிக்கு ஓர் உலகம். பாவம், கார்டு மூன்றையும் ஒரே மூச்சில் வரைகிறது. அறுபது படம் வர வேண்டிய நொடியில் முப்பத்துச் சொச்சம்தான் வருகிறது. சாலை வெட்டி வெட்டி நகர்கிறது. ஓட்டிப் பார்த்த சேல்ஸ் மேனேஜர் குமட்டுகிறது என்று இறங்கிப் போய்விட்டார்.

நேர்மையான வழிகளையெல்லாம் பார்த்தேன். கண்ணாடிப் படத்தின் அளவைப் பாதியாக்கினேன். ஒரு தடவை இடது, மறு தடவை வலது என்று மாற்றி மாற்றி வரையவைத்தேன். கொஞ்சம் ஏறியது, போதவில்லை. நல்ல கார்டு வாங்கித் தாருங்கள் என்று மார்ச்சிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதற்குப் பட்ஜெட் இல்லை, டெமோவுக்குக் கேக் வாங்க இருக்கிறது.

மத்தியானம் பிரின்ஸ் வந்து என் பின்னால் நின்றான். எங்கள் டீம் லீடர். எனக்கு மூன்று வருஷம் ஜூனியர். "கண்ணாடிக்குள்ள எதுக்கு இவ்வளவு சாமான்? தேவையில்லாததத் தூக்குங்க வசு" என்றான். மரங்களைத் தூக்கினேன். நடக்கிற ஆட்களை, கடைப் பலகைகளை. ஐம்பதைத் தாண்டவில்லை.

"டூ வீலர்?" என்றான்.

எங்கள் சாலையில் பாதிக்கு மேல் டூ வீலர்தான். கோயம்புத்தூரைப் பார்த்துச் செய்தது, வேறெப்படி இருக்கும்? ஒவ்வொன்றின் மேலும் தலை திருப்புகிற, கால் ஊன்றுகிற ஆள் வேறு. கார்டின் உயிரை எடுப்பதே அவர்கள்தான்.

"டெமோல யாரு கண்ணாடிய உத்துப் பாத்து பைக் எண்ணப் போறாங்க? நாளைக்கு மட்டும். அப்புறம் திருப்பிப் போட்டுக்கலாம்."

ஒரு வரிதான் மாற்றினேன். அறுபது வந்துவிட்டது. வழுக்கிக்கொண்டு ஓடுகிறது.

வீட்டுக்கு வந்தபோது கேஸ் சிலிண்டர் வந்து வாசலில் கிடந்தது. மேலே தூக்க ஆளில்லை. நானே உருட்டி ஏற்றினேன்.

ஜூன் 6, வெள்ளி

டெமோ நன்றாக நடந்தது. பஸ் கம்பெனி முதலாளியே உட்கார்ந்து ஓட்டினார். மில்லுக்கும் காலேஜுக்கும் ஸ்டாஃப் பஸ் விடுகிறவர். மாமா டிரைவராக வேலை பார்ப்பது அவரிடம்தான். நேர் ரோட்டில் கொஞ்ச தூரம் போய், ஹாரன் அடித்து, வாய்விட்டுச் சிரித்தார். கண்ணாடிப் பக்கம் திரும்பவே இல்லை. ஆர்டர் கையெழுத்தாயிற்று. பிரின்ஸுக்குக் கைதட்டல். கண்ணாடி செய்தவள் பேர் ஒருத்தர் வாயிலும் வரவில்லை. கேக்கில் எனக்கு க்ரீம் இல்லாத ஓரம் வந்தது.

ஜூன் 16, திங்கள்

மெஷினை பஸ் கம்பெனி ஷெட்டில் இறக்கிவிட்டார்கள். டெமோவில் ஓடியதை அப்படியே கொண்டுபோய்ப் போட்டார்கள். ஓடுகிற எதையும் தொடாதே என்பது பிரின்ஸின் வேதம். என்னை கிரேன் பிராஜெக்டுக்கு மாற்றிவிட்டார்கள். கிரேனுக்குப் பக்கக் கண்ணாடி கிடையாது. நிம்மதி.

நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய டிரைவர்கள் எல்லாரும் இனி இதில் ஓட்டிப் பாஸ் பண்ணினால்தான் வண்டியாம். மாமாவுக்கு ஐம்பத்தொன்று. அவருக்குப் பயமே இல்லை. "எங்க அம்மணி செஞ்ச மிஷினு, அது என்னைய என்ன பண்ணிப்போடும்னு ஷெட்டுல சொல்லிட்டேன்" என்று அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தது மாடிக்குக் கேட்டது.

வெளியில் நான் அம்மணி. வீட்டில் நேருக்கு நேர் பேச்சு நின்று இரண்டு வருஷம். புருஷன் வேண்டாம் என்று நான் இங்கே வந்த வாரம், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பழத்தட்டு எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனார். "எங்க புள்ள செஞ்சது தப்புதானுங்க, மன்னிச்சுக்கோங்க" என்று என் பேரில் கேட்டுவிட்டு வந்தார். அவன் என்னைக் கைநீட்டி அடித்தது அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் போனார்.

ஜூன் 25, புதன்

மாமா ஃபெயில்.

ஜூன் 26, வியாழன்

அக்கா மேலே வந்து சொல்லிவிட்டு அழுதாள். சிக்னலைத் தாண்டி இடது பக்கம் திருப்பியிருக்கிறார். இடது ஓரத்தில் வந்த பைக்கை அடித்துவிட்டார். திரை சிவப்பாகி நின்றுவிட்டதாம். பைக்கில் ஆணும் பெண்ணும், நடுவில் ஒரு குழந்தை. அந்தக் குழந்தையை மாடல் செய்தவன் எனக்கு இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்திருக்கிறான். தத்ரூபமாக இருக்கும்.

கேபினுக்குள் ஒரு கேமரா, டிரைவர் எந்தப் பக்கம் பார்க்கிறார் என்று கவனித்துக்கொண்டே இருக்கும். அதை வைத்து ரிப்போர்ட் வரும். மாமாவின் ரிப்போர்ட்டை அக்கா காட்டினாள். "இடது கண்ணாடி: பார்த்தார். எதிர்வினை: இல்லை."

பார்க்காமல் அடித்திருந்தால் அலட்சியம், எச்சரித்து விட்டுவிடுவார்கள். பார்த்தும் அடித்தால் ஆள் முடிந்தான் என்று அர்த்தம். அவரோடு ஷெட்டில் பாதிப் பேருக்கு மேல் ஃபெயிலாகி வண்டியில்லாமல் நிற்கிறார்கள். எல்லாருக்கும் அந்த இடதுபக்கத் திருப்பம்தான். எல்லாரும் சொல்வதும் ஒன்றுதானாம், "எங்கிருந்து வந்துச்சுன்னே தெரியலீங்க." இதை ஆபீஸில் சொன்னபோது பிரின்ஸ் சிரித்தான். "ஆக்சிடென்ட் பண்ணின எல்லா டிரைவரும் போலீஸ்ல சொல்றதும் இதேதான்" என்றான். நானும் சிரித்தேன்.

சந்தோஷமாக இருந்தது என்று எழுத அசிங்கமாகத்தான் இருக்கிறது. இருந்தது.

ஜூன் 29, ஞாயிறு

மாமா ஸ்கூட்டரை எடுக்கவில்லை. முடி வெட்டிக்கொள்ள நடந்தே போய்விட்டு வந்தார். அக்கா சந்தைக்கு டவுன் பஸ்ஸில் போய்க் காய் தூக்கிக்கொண்டு வந்தாள். "வண்டில கொண்டுபோயி உடுங்கன்னேன், மாட்டேன்னுட்டாரு. பின்னாடி நீ உக்காந்திருக்கறப்ப எவனாச்சும் வந்தா எனக்குத் தெரியாதுங்கறாரு" என்றாள்.

போர்வைகளைத் துவைத்துப் போட்டேன். மேகமாக இருந்ததால் காயவில்லை.

ஜூலை 2, புதன்

கண் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார்கள். கண்ணில் மருந்து ஊற்றி, பக்கவாட்டுப் பார்வைக்குத் தனியாக டெஸ்ட் எடுத்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்களாம். இருபத்தைந்து வயசுப் பையன் கண் மாதிரி இருக்கிறது என்றாராம் டாக்டர். வேறு யாராவது என்றால் ஊருக்கெல்லாம் சொல்லியிருப்பார்கள். மாமா ஆட்டோவில் வரும்போது அக்காவிடம் சொல்லியிருக்கிறார், "கண்ணு நல்லாருக்குதுன்னா அப்ப கோளாறு மண்டைக்குள்ளதான்."

இப்போது நரம்பு டாக்டரைத் தேடுகிறார்கள்.

ஜூலை 4, வெள்ளி

மாமா மாடிக்கு வந்தார். இந்த இரண்டு வருஷத்தில் முதல் தடவை. செருப்பைப் படியிலேயே கழற்றிவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். கையில் அந்த ரிப்போர்ட்.

"அம்மணி, நீ செஞ்ச மிஷினுதான். அதுல நான் எங்க தப்புப் பண்ணினேன்னு பாத்துச் சொல்லோணும். என்ற நெஞ்சறிய நான் கண்ணாடி பாத்தேன். ரோடு காலியா இருந்துச்சு. அப்புறந்தான் ஒடிச்சேன்."

ஷெட்டில் ஓட்டுவதெல்லாம் பதிவாகி எங்கள் சர்வருக்கு வந்துவிடும். லேப்டாப்பில் எடுத்துப் போட்டேன். ரீப்ளே மேலிருந்து பார்க்கிற மாதிரி இருக்கும். பஸ் சிக்னலைத் தாண்டுகிறது. பைக் இடது ஓரமாகப் பின்னாலிருந்து வருகிறது, நன்றாகவே தெரிகிறது. மூலையில் சின்னப் பெட்டியில் மாமாவின் முகம், இடது பக்கம் திரும்பிப் பார்க்கிறது. பிறகு பஸ் திரும்புகிறது.

நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி போடச் சொன்னார். போட்டேன். இன்னொரு தடவை. பைக் எல்லாத் தடவையும் இருந்தது.

"கண்ணாடில இது தெரிஞ்சிருக்குமா?"

"தெரியும் மாமா. பின்னால என்ன இருக்கோ அதுதான் கண்ணாடில வரும். நீங்க பாத்தீங்க, மனசுல பதியல. அவ்வளவுதான்."

அவர் தலையை ஆட்டினார். "அந்தக் கொழந்தைக்கு என்ன வயசு இருக்கும்?" என்று கேட்டார். அது படம்தான் மாமா என்றேன். தெரியும் என்றார். ரிப்போர்ட்டை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார். நான் பேசிய விதம் கொஞ்சம் கடுமைதான். அவரும் அந்த வீட்டில் என் பேரில் மன்னிப்புக் கேட்டபோது இப்படித்தான் நிதானமாகப் பேசியிருப்பார்.

ஜூலை 5, சனி

ரீப்ளேயில் கண்ணாடிப் படத்தைத் தனியாகத் திறந்து பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஒரு கிளிக். நேற்று ஏனோ தோன்றவில்லை. அயர்ன் கடையில் துணி வாங்க வேண்டியிருந்தது, அந்த அவசரம்.

ஜூலை 9, புதன்

ஷெட்டில் ஸ்டியரிங் உதறுகிறது என்று போன் வந்தது. ஹார்டுவேர் ஆள் லீவு, என்னை அனுப்பினார்கள். டீசல் வாசனை, பெரிய ஃபேன், மூலையில் எங்கள் வெட்டுப்பட்ட பஸ். சூப்பர்வைசர் கனகராஜ் டீ வாங்கிக் கொடுத்தார். ஸ்டியரிங்கில் ஒரு போல்ட் லூஸ், அவ்வளவுதான். முறுக்கிவிட்டு, சரியாக இருக்கிறதா என்று ஓட்டிப் பார்க்க உட்கார்ந்தேன். சும்மா நின்ற நாலைந்து டிரைவர்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள்.

சிக்னல் விழுந்தது. இடது பக்கம் திருப்ப வேண்டும். கண்ணாடியைப் பார்த்தேன். என் கண்ணாடி, நான் எழுதியது, சுத்தமாக ஓடுகிறது. பின்னால் ஒரு லாரி, ஒரு வேன், வேறு ஒன்றுமில்லை. திருப்பினேன். சத்தம் கேட்டது. திரை சிவப்பாயிற்று. அந்தக் குழந்தை.

பிரிண்டரிலிருந்து காகிதம் வந்தது. கனகராஜ் உரக்கப் படித்தார். "இடது கண்ணாடி பார்த்தார். எதிர்வினை இல்லை." எல்லாரும் கைதட்டிச் சிரித்தார்கள். "மேடத்துக்கும் நம்ம வியாதிதானுங்களா!" என்றார் ஒருவர்.

நான் சிரிக்கவில்லை என்று எழுத ஆசை. சிரித்தேன். "அப்பப்ப ஆகும்" என்றேன். டீ கிளாஸைக் கீழே வைத்தேன். லாரி இருந்தது, வேன் இருந்தது, பைக் இல்லை. கண்ணாடியில் பைக்கே கிடையாது. நாளைக்கு மட்டும் என்று எடுத்தது.

மறந்துவிட்டேன். வேறு பிராஜெக்டுக்கு மாற்றிவிட்டார்கள், மறந்துவிட்டேன். இதைத்தான் எல்லாரிடமும் சொல்லப்போகிறேன்.

ஜூலை 10, வியாழன்

பிரின்ஸை மீட்டிங் ரூமுக்குக் கூப்பிட்டுச் சொன்னேன். கதவைச் சாத்தினான்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

"நல்லது. அடுத்த வெர்ஷன்ல சத்தமில்லாமச் சேத்துடலாம்."

"ஃபெயில் ஆனவங்க?"

"அது கிளையன்ட் முடிவு. நாம ரிப்போர்ட் குடுத்தோம், யாரையும் வேலைய விட்டுத் தூக்கச் சொல்லல. அந்த முதலாளிக்கு இப்ப நம்ம மெஷின் மேல எவ்வளவு பிரியம் தெரியுமா? மிஷினுன்னா இப்படி ஸ்ட்ரிக்டா இருக்கணும்ங்கறாரு. இன்னும் ரெண்டு கேட்டிருக்காரு."

"நான் மெயில் போடறேன் பிரின்ஸ். எல்லாருக்கும் மறுபடி டெஸ்ட் வைக்கச் சொல்லி."

"போடுங்க. டூ வீலர எடுத்தது யார் பேர்ல பதிவாயிருக்குன்னு பாத்துட்டுப் போடுங்க."

என் பேரில்தான். அவன் சொன்னது வாயால், நான் செய்தது கையால். கை மட்டும்தான் பதிவாகும். நாய். நாய் என்றுதான் எழுதுவேன், நாளைக்கு இந்த வார்த்தையை அடித்துவிட மாட்டேன்.

ஜூலை 11, வெள்ளி

மெயில் போடவில்லை. லீவு சொல்லிவிட்டு, பஸ் கம்பெனி மேனேஜருக்கு என் சொந்த போனிலிருந்து பேசினேன். கண்ணாடியில் பைக் தெரிவதில்லை என்று சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அப்படின்னா பாஸானவங்க எப்படிங்க பாஸானாங்க?"

திரும்புவதற்கு முன்பே ஓரத்தை ஒட்டிப் போனவர்களுக்கு இடது பக்கத்தில் பைக் நுழைய இடம் இருந்திருக்காது, அதனால் தப்பித்தார்கள் என்றேன்.

"பாத்தீங்களா, அவங்க கவனமா ஓட்டியிருக்காங்க. மிஷினு கரெக்டாத்தான் கண்டுபிடிச்சிருக்குது. நீங்க நம்ம டிரைவர் நஞ்சப்பனுக்கு ஒறவுன்னு கேள்விப்பட்டனுங்க. வருத்தம் இருக்கும், புரியுது." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார், காண்ட்ராக்டில் புது ஆட்கள் வந்துவிட்டார்களாம், சம்பளம் பாதியாம்.

அந்த வேலை போனது போனதுதான். மாமாவிடமாவது சொல்ல வேண்டும்.

ஜூலை 12, சனி

சொல்லவில்லை. கீழே விருந்தாட்கள்.

ஜூலை 13, ஞாயிறு

சொல்லவில்லை. தோசை மாவு புளித்துவிட்டது, கொட்டினேன்.

ஜூலை 15, செவ்வாய்

அக்கா சொன்னாள், அன்னூர் பக்கம் ஒரு ஸ்கூலில் வேனுக்கு டிரைவர் தேடுகிறார்கள். கரெஸ்பாண்டன்ட் மாமாவின் பழைய சிநேகிதர். டெஸ்டும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், நஞ்சப்பன் வந்தால் போதும், திங்கட்கிழமைக்குள் ஒரு வார்த்தை சொல்லு என்றாராம்.

மாமா முடியாது என்கிறார். "வேன் நெறையப் பச்சைப் புள்ளைங்க. நான் எமனாட்டம் ஏறி உக்காரவா?" என்று கேட்டாராம். இருபத்தாறு வருஷத்தில் ஒரு நாய்க்குட்டியைக்கூட அடித்ததில்லை இந்த மனிதர்.

"நீ சொன்னாக் கேப்பாரு வசு. உங்கிட்டதான் அந்தப் படமெல்லாம் போட்டுப் பாத்தாரு. நீ சொன்னப்பறந்தான் நெசம்னு நம்பினாரு" என்றாள் அக்கா.

அவளுக்குத் தெரியாது, அவள் எங்கே குத்துகிறாள் என்று.

ஜூலை 18, வெள்ளி

பைக்குகளைக் கண்ணாடிக்குள் திருப்பிப் போட்டேன். அதே ஒரு வரி. நொடிக்கு நாற்பத்தெட்டுப் படம், கொஞ்சம் வெட்டுகிறது, ஆனால் வண்டியெல்லாம் தெரிகிறது. பிரின்ஸைக் கேட்கவில்லை. லேப்டாப்பில் மாமாவின் பதிவையே பழைய கண்ணாடியில் ஒரு தடவை, புதுக் கண்ணாடியில் ஒரு தடவை ஓட்டி வைத்துக்கொண்டேன். நாளைக்குச் சனி. எப்படியும் நாளைக்கு.

ஜூலை 19, சனி

காலையில் கீழே போனேன். அக்கா காபி போட்டுக்கொண்டிருந்தாள். மாமா பேப்பரை மடித்து வைத்தார். நான் நின்றுகொண்டே சொல்லிவிட்டேன், உட்கார்ந்தால் வாய் வராது என்று.

"மாமா, தப்பு உங்க மேல இல்ல. கண்ணாடில அந்த பைக் தெரியவே இல்ல. நான்தான் எடுத்துவிட்டேன். டெமோவுக்காக எடுத்தேன், திருப்பிப் போடல. உங்க கண்ணு நல்லாருக்கு, மண்டையும் நல்லாருக்கு. நீங்க பாத்தது காலி ரோடுதான்."

லேப்டாப்பை டீப்பாயின் மேல் வைத்துப் பழைய கண்ணாடியைக் காட்டினேன். லாரி, வேன், காலி. பிறகு புதியது. லாரி, வேன், ஓரமாக அந்த பைக், நடுவில் குழந்தை. அக்கா வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"பாத்தீங்களா மாமா? ஒரே பதிவு. அன்னிக்கு உங்களுக்குக் காட்டினது இது. காட்டியிருக்க வேண்டியது இது."

மாமா குனிந்து இரண்டையும் பார்த்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் என்னைப் பார்த்துச் சிரித்து எத்தனையோ காலமாகிறது.

"நீ வரையறவ அம்மணி. பைக் வேணும்னா வரைவ, வேண்டாம்னா அழிச்சுப்போடுவ. எனக்கு இதுல என்ன தெரியும்?"

"சத்தியமா மாமா! அக்கா மேல சத்தியம்!"

"சத்தியமெல்லாம் எதுக்குப் பண்ற? அன்னிக்கு நீ சொன்ன பாரு, நீங்க பாத்தீங்க, மனசுல பதியலைன்னு. அப்ப உனக்கு என்ற மேல கோவம். கோவத்துல இருக்கறவங்க எதுக்குப் பொய் சொல்லோணும்? நெசத்தத்தான் சொல்லுவாங்க. இன்னிக்கு உனக்கு என்னையப் பாத்தாப் பாவமா இருக்குது. அதான் பழியத் தூக்கி உன்ற தலைல போட்டுக்கற."

"இல்ல மாமா, அன்னிக்குத்தான் நான் சரியாப் பாக்கல."

"உக்காரு. காபி ஆறுது" என்றார். "கோகிலா, அம்மணிக்குச் சக்கர கொறச்சுப் போடு, அதுக்குப் புடிக்காது."

அவருக்கு அது தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. நான் கத்தினேன். பிரின்ஸ் சொன்னதை, மேனேஜர் சொன்னதை, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் கொட்டினேன். என் பேரில்தான் பதிவாயிருக்கிறது, ஆபீஸுக்கு வந்தால் காட்டுகிறேன் என்றேன். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார், அழுகிற பிள்ளையைச் சமாதானப்படுத்துகிற மாதிரி. நான் கத்தக் கத்த அவருக்கு என் மேல் பிரியம்தான் கூடியது. நம்பிக்கை ஒரு துளி வரவில்லை.

கடைசியில் எழுந்து என் தலையில் கை வைத்தார். "வேலைய உட்டுப்போடாத. எனக்கோசரம் எவங்கிட்டயும் சண்டைக்குப் போவாத" என்றார்.

அவர் போன பிறகு அக்காவைப் பார்த்தேன். "நீயாவது நம்பறியா?" என்று கேட்டேன். அவள் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஜூலை 20, ஞாயிறு

மாமா அன்னூருக்குப் போன் பண்ணி முடியாது என்று சொல்லிவிட்டார். சரவணம்பட்டியில் ஒரு அபார்ட்மென்டில் கேட் வேலை. பகல் ஷிஃப்ட், நாளையிலிருந்து. காருக்குக் கதவு திறந்துவிட வேண்டும்.

சாயங்காலம் அக்கா ஒரு தூக்கில் பாயசம் கொண்டுவந்து வைத்தாள். இத்தனை நாளுக்குப் பிறகு நேற்றுதான் மாமா நிம்மதியாகத் தூங்கினாராம். காலையில் எழுந்ததும் என்னைப் பற்றித்தான் பேசினாராம்.

"என்ன சொன்னாரு?" என்றேன்.

"வசு நல்ல புள்ள, நாமதான் தப்பா நெனச்சுட்டோம்னாரு. எனக்காகப் பொய் கூடச் சொல்லுது பாருன்னு சொல்லி அழுதாரு வசு" என்றாள்.